பின்னிருக்கை இருந்த இடம்

மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஒருவன் மோட்டார் வண்டியைப் பிரித்து மாட்டிய கதையை எழுத முற்படுவது தங்களுக்கு வியப்பாக இருக்கலாம். எனக்கே வியப்புத்தான். கல்லூரியில் தமிழ் இலக்கியம் பயின்றவன் நான். ஸ்பானரில் எத்தனை அளவுகள் உண்டு என்பதே அண்மைக் காலம்வரை எனக்குத் தெரியாது. ஆயினும் கடந்த சில மாதங்களாக என் நெஞ்சில் முள்ளாய்க் கிடக்கும் ஒரு செய்தியைச் சொல்ல வேண்டுமெனில், அந்த வண்டியின் கதையை முதலிலிருந்தே சொல்லியாக வேண்டும்.

வெள்ளை நிற மாருதி 800 அது. கோவை ஒப்பணக்காரத் தெருவில் சிறியதொரு துணிக்கடை வைத்திருந்த என் மச்சான், அதாவது என் அக்காவின் கணவர், 1998ஆம் ஆண்டில் அதனை வாங்கினார். எங்கள் குடும்பத்தில் நுழைந்த முதல் கார். நான் கல்லூரியில் சேரப் போனதும் அதில்தான். மறு ஆண்டில் என் மருமகன் பிறந்து, மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அதன் பின்னிருக்கையில், அக்காவின் மடியில்தான். பின்னிருக்கையின் இடது ஓரம் அக்காவுக்கு உரிய இடம். இருபத்து மூன்று ஆண்டுகள் அவர் அந்த இடத்தை மாற்றிக்கொண்டதில்லை. முன்னிருக்கை காலியாகக் கிடந்தாலும் பின்னால்தான் அமர்வார். வீட்டுப் பெண்கள், பிள்ளைகள், பிரியாணிச் சட்டி எல்லாம் பின்னால். மச்சானும் அவருடைய கணக்குப் புத்தகமும் முன்னால். அப்படியே பழகிவிட்டது.

2021இல் மச்சான் வஃபாத்தானார். வண்டி வீட்டுச் சுவரோரம் தார்ப்பாய்க்குள் அடங்கியது. 2023இல் அதன் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய கெடு வந்தபோது, மருமகன் அதனைப் புதுப்பிக்கவில்லை. பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் பயின்று, கணபதியில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்ப்பவன் அவன். ஒருநாள் இரவு அக்காவிடமிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது.

“தம்பி, நீ ஒருமுறை வந்து இவனுக்குப் புத்தி சொல். அவனுடைய அத்தா வண்டியை அறுக்கப் போகிறானாம்.”

அறுப்பது என்ற சொல் எனக்கும் சுருக்கென்று தைத்தது. மறுநாளே சென்றேன். கண்டிக்க வேண்டிய சொற்களையெல்லாம் பேருந்திலேயே வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டுதான் சென்றேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

மருமகன் வாதாடவில்லை. ஒரு வரைபடத்தை எடுத்து விரித்தான். முன்சக்கரங்களால் இழுக்கப்படும் அந்த வண்டியைப் பின்சக்கரங்களால் உந்தப்படும் வண்டியாக மாற்றி, சாலையில் அன்றி, பந்தய ஓடுதளத்தில் மட்டும் ஓட்டப் போவதாகச் சொன்னான். அவன் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் தங்களுக்குச் சொல்கிறேன்.

பழைய அம்பாசடர் காரில் என்ஜின் முன்னால் நெடுக்காக அமர்ந்திருக்கும். அதன் சுழற்சி, வண்டியின் அடியில் ஓடும் நீண்ட தண்டு வழியாகப் பின்சக்கரங்களுக்குச் செல்லும். 1959இல் இங்கிலாந்தில் அலெக் இஸிகோனிஸ் என்பவர் மினி என்னும் சிறிய காரை வடிவமைத்தபோது, என்ஜினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, முன்சக்கரங்களையே இழுக்கச் செய்தார். நீண்ட தண்டுக்கு வேலையில்லாமல் போனதால் சின்ன வண்டிக்குள் நான்கு பேர் தாராளமாக அமர முடிந்தது. பின்னர் உலகெங்கும் சிறிய கார்கள் அவ்வழியைப் பின்பற்றின. 1983 டிசம்பரில் நம் நாட்டுக்கு வந்த மாருதி 800உம் அப்படிப்பட்டதே. குடும்பத்துக்கு அது நல்ல ஏற்பாடு. ஓடுதளத்தில்தான் அதன் குறை தெரியும்.

“மாமா, ஒரு வலீமா விருந்தில் ஒரே ஆள் வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்கவும் வேண்டும், உள்ளே ஓடிவந்து பந்தியில் பரிமாறவும் வேண்டும் என்றால் என்னாகும்?” என்று கேட்டான். “இரண்டும் அரைகுறைதான்” என்றேன். “முன்சக்கரத்தின் பாடும் அதுவே” என்றான். டயருக்குத் தரையைப் பற்றும் வலு ஓர் அளவுக்குத்தான் உண்டு. வளைவில் திரும்புவதற்கே அந்த வலுவில் பெரும்பகுதி செலவாகிவிடுகிறது. அந்நேரத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால், இழுக்கும் வேலையும் அதே டயரின் தலையில் விழுகிறது. வண்டி சொன்ன பக்கம் திரும்பாமல் வெளிப்புறமாக நழுவுகிறது. மேலும், வேகம் கூட்டும்போது வண்டியின் பாரம் பின்னால் சாய்கிறது; முன்சக்கரம் இலேசாகி வீணே சுழல்கிறது. உந்தும் வேலையைப் பின்சக்கரத்திடம் கொடுத்துவிட்டால், சாயும் பாரமே அதற்குத் துணையாகும்.

இது அவன் கண்டுபிடித்த பித்து அல்ல என்பதற்கும் சான்று வைத்திருந்தான். பிரான்சு நாட்டின் ரெனோ நிறுவனம் 1972இல் ரெனோ 5 என்ற சிறிய முன்சக்கர வண்டியைக் கொண்டுவந்தது. 1980இல் அதே வண்டியின் பின்னிருக்கையை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் 1397 சி.சி. டர்போ என்ஜினை அமர்த்திப் பின்சக்கரங்களை உந்தச் செய்து, 160 குதிரைத்திறன் கொண்ட பந்தய வண்டியாக விற்றது. மறு ஆண்டே, 1981இல், ழான் ராஞோத்தி என்பவர் அதை ஓட்டி மாண்டே கார்லோ பந்தயத்தில் முதலிடம் பெற்றார். அவ்வளவு தூரம் போவானேன்? எங்கள் கோவை மண்ணிலேயே கரிவரதன் என்றொருவர் இருந்தார். ஆலைக் குடும்பத்தில் பிறந்து, பந்தயத்தில் மனம் தோய்ந்தவர். மாருதி 800இன் என்ஜினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் பொருத்தி, ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளை உருவாக்கினார். பார்முலா மாருதி என்று அதற்குப் பெயர். பிற்காலத்தில் பார்முலா ஒன்று பந்தயம்வரை சென்ற நரேன் கார்த்திகேயன் பழகியதும் அவ்வண்டியில்தான். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் உயிரிழந்தார். செட்டிபாளையத்தில் உள்ள ஓடுதளம் இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. குனியமுத்தூரில் வாழும் நான் இத்தனை ஆண்டுகளும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

“மாருதி ஆம்னி வேன் பின்சக்கர வண்டிதானே, அதிலும் இதே 796 சி.சி. என்ஜின் என்கிறாயே, அதன் கியர்பாக்ஸையும் ஆக்சிலையும் இதில் மாட்டிவிட்டால் என்ன?” என்று, தெரிந்தவனைப் போல் ஒரு கேள்வியைப் போட்டேன். அவன் அதையும் எண்ணிப் பார்த்திருந்தான். அப்படிச் செய்தால் வண்டியின் நடுத்தரை முழுவதையும் கீறித் தண்டுக்கு வழி விடவேண்டும். பாரமும் முன்னாலேயே தங்கிவிடும். ஆகவே என்ஜினையும் கியர்பாக்ஸையும் ஒன்றாகவே தூக்கி, இருந்த திசை மாறாமல் பின்னால் கொண்டுபோய் வைப்பதுதான் வழி என்றான். “திசை மாறினால்?” என்றேன். “பின்னோக்கிப் போக நான்கு கியரும், முன்னோக்கிப் போக ஒரே கியரும் கிடைக்கும்” என்றான். அன்று நான் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

ஏனெனில் அடுத்ததாக, “பின்னால் என்றால் எங்கே?” என்று கேட்டேன். அவன் வரைபடத்தில் விரலை வைத்தான். பின்னிருக்கை இருக்கும் இடம். அக்காவின் இடம்.

ஒருமுறை அறுத்துவிட்டால் அந்த வண்டி மீண்டும் குடும்ப வண்டி ஆகாது. தயாரித்த நிறுவனம் கொடுத்த அமைப்பை அப்படி மாற்றிவிட்டுப் பொதுச் சாலையில் ஓட்டுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருவதில்லை. பதிவை ரத்து செய்துவிட்டு, ஓடுதளத்துக்கு மினி லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். இதையெல்லாம் அவன் ஒளிவுமறைவின்றிச் சொன்னான். கடன் வாங்கப் போவதில்லை, தன் சம்பளத்தில் மிஞ்சியதைக்கொண்டே செய்யப் போவதாகவும் சொன்னான். வரிசைப்படுத்தி வைத்திருந்த என் சொற்களில் பாதி அங்கேயே உதிர்ந்துவிட்டன. “இருக்கை விஷயத்தை உன் அம்மாவிடம் நீயே சொல். அவர் சம்மதித்தால் நான் குறுக்கே நிற்கமாட்டேன்” என்று கூறிவிட்டு எழுந்தேன். கண்டிக்கப் போனவன் இப்படித் திரும்பியதில் அக்காவுக்கு என்மீது வருத்தமே.

மூன்று நாள் அக்கா அவனிடம் சரியாகப் பேசவில்லை. நான்காம் நாள், தார்ப்பாயை விலக்கி வண்டிக்குள் போய்ச் சற்று நேரம் தம் இடத்தில் அமர்ந்திருந்தாராம். வெளியே வந்து, “சீட்டை மட்டும் இரும்புக் கடையில் போடாதே” என்றாராம். அதுதான் சம்மதம்.

வேலை பதினான்கு மாதங்கள் நடந்தது. மத்ரஸாவுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஜும்ஆ தொழுகையும் பகல் உணவும் முடிந்ததும் நான் அங்கே போய்விடுவேன். முதலில் கண்காணிப்பதாக எண்ணிக்கொண்டுதான் போனேன். பிறகு விளக்குப் பிடித்தேன். அதன்பின் கையில் கிரீஸ் ஏறியது. நாற்பதைத் தாண்டிய வயதில் ஒரு புதிய வேலையைக் கற்கும் இன்பம் எனக்குக் கிட்டியது. அதில் சிறிது செருக்கும் கலந்திருந்தது.

உக்கடத்தில் பழைய உதிரிபாகங்கள் விற்கும் ஒருவரிடம், கழித்துக்கட்டிய இன்னொரு 800இன் முன்பாதியை வாங்கி வந்தான். அதன் முன்சக்கரங்கள், சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக் ஆகிய அனைத்தும் நம் வண்டியின் பின்பக்கம் போயின. அவற்றைத் தாங்குவதற்கு வண்டிக்குள் இருபுறமும் இரும்புத் தகட்டால் தூண்கள் எழுப்பி வெல்டிங் செய்தான். ஆதியில் பின்னால் இருந்த ஆக்சிலும், அதனோடு டிரம் பிரேக்கும், அதனோடு கைபிரேக்கும் போய்விட்டன. இன்றுவரை அந்த வண்டியை நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல் வைக்கிறோம். முன்சக்கரங்களிலிருந்து டிரைவ் ஷாஃப்டுகளை உருவி எறிந்துவிடலாம் என்று நான் நினைத்தேன். கூடாதாம். அந்தத் தண்டின் நுனிதான் ஹப்பின் நடுவே நின்று பேரிங்குகளையும் இறுக்கிப் பிடிக்கிறது. ஆகவே வெளிமூட்டை மட்டும் விட்டுவைத்து, மீதியை வெட்டி எடுத்தான். வேலையில்லாத அந்தத் துண்டு இல்லாவிட்டால் சக்கரம் நில்லாது.

ரேடியேட்டர் முன்னாலேயே இருந்தது, என்ஜினோ பின்னால். இரண்டுக்கும் இடையே வண்டியின் அடியில் இரு நீண்ட குழாய்கள் ஓடின. முதன்முதலாக என்ஜினை முடுக்கிய அன்று பத்தே நிமிடத்தில் தண்ணீர் கொதித்தது. குழாயில் காற்று அடைபட்டிருந்தது. வண்டியின் முகத்தை ஜாக்கியால் உயர்த்தி, மூடியைத் திறந்து, குமிழ்கள் அடங்கும்வரை காத்திருந்தோம். கியரின் கதை இன்னும் வேடிக்கை. முன்பு கியர்பாக்ஸ் கம்பிக்கு முன்னால் இருந்தது, இப்போது பின்னால். தள்ளுவதும் இழுப்பதும் தலைகீழாகி, முதல் கியருக்குத் தள்ளினால் இரண்டாவது விழுந்தது. அதைச் சீர்செய்ய இரண்டு மாதம் பிடித்தது. பெட்ரோல் தொட்டி சிறிதாகி முன்பக்கம் போனது. என்ஜினுக்கும் ஓட்டுநருக்கும் நடுவே தகட்டுச் சுவர் வந்தது. உள்ளே உருக்குக் குழாயால் கூண்டு வந்தது; வண்டி புரண்டாலும் கூரை நசுங்காதிருக்க அது வேண்டும்.

இனி, நான் சொல்ல வந்த செய்தி.

முன்சக்கரத்தின் அமைப்பை அப்படியே பின்னால் வைத்தால் ஒரு சிக்கல் உண்டு. முன்சக்கரம் ஸ்டியரிங்குக்குக் கட்டுப்பட்டுத் திரும்புவதற்காகச் செய்யப்பட்டது. பின்னால் போனபிறகு அது திரும்பவே கூடாது. ஆகவே ஸ்டியரிங் கம்பி பொருந்தும் இடத்தில், இருபுறமும் ஒவ்வொரு உறுதியான கம்பியைப் பூட்டி, அதன் மறுமுனையை வண்டியின் சட்டத்தோடு பிணைக்க வேண்டும். அந்தக் கம்பியைத் திருகித் திருகி நீளத்தைச் சரிசெய்து, சக்கரத்தை நேராக்கிய பின், இரு முனைகளிலும் லாக் நட்டை இறுக்கிவிட வேண்டும். நட்டு தளர்ந்தால் அதிர்வில் கம்பி தானாகத் திருகிக்கொள்ளும். பின்சக்கரம் தன்னிச்சையாக ஒரு பக்கம் திரும்பும்.

ஓடுதளத்துக்குப் போவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, வண்டியின் இருபுறமும் நூல் கட்டி, இரும்பு அளவுகோலால் சக்கரத்தின் விளிம்பை முன்னும் பின்னும் அளந்து, அரை மில்லிமீட்டர் பிசகாமல் மருமகன் நேராக்கினான். இடப்பக்கத்து நட்டுகளை அவன் இறுக்கினான். வலப்பக்கத்துக்கு என்னிடம் ஸ்பானரை நீட்டினான். நானே கேட்டு வாங்கிய வேலை அது. நட்டுகளைக் கையால் திருகி நிறுத்தினேன். ஸ்பானரை வைக்கும் வேளையில் ஒரு மாணவனின் தந்தையிடமிருந்து தொலைபேசி வந்தது. வெளியே சென்று பத்து நிமிடம் பேசினேன். திரும்பி வந்தபோது அக்கா தேநீர் கொண்டுவந்திருந்தார். கையைக் கழுவினேன். “முடிந்ததா மாமா?” என்று கேட்டான். “முடிந்தது” என்றேன். பொய் சொல்வதாக நான் எண்ணவில்லை, முடித்துவிட்டதாகவே நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை. செட்டிபாளையம். தலைக்கவசம் அணிந்து அவன் உள்ளே அமர்ந்தான். நான் வேலிக்கு அப்பால் நின்றேன். மூன்று சுற்றுகள் மெதுவாக ஓட்டினான். அந்தச் சிறிய என்ஜினின் ஓசை முதுகுப்புறத்திலிருந்து வருவது விசித்திரமாக இருந்தது. நான்காம் சுற்றில் வேகம் கூட்டினான். ஒரு வளைவில் வண்டியின் பின்பாகம் வெளியே வீசியது. ஒரு முழுச் சுற்றும் அரைச் சுற்றும் சுழன்று, தளத்தைவிட்டு விலகி, புழுதிக்குள் மறைந்தது. புழுதி அடங்கிக் கதவு திறக்கும்வரை எவ்வளவு நேரமாயிற்றென்று எனக்குத் தெரியாது. அவன் இறங்கி நின்று, என்னை நோக்கிக் கையை உயர்த்தினான். நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே அமர்ந்துவிட்டேன்.

வண்டியை ஓரமாகக் கொண்டுவந்து உயர்த்திப் பார்த்தோம். வலப்பக்கக் கம்பியின் லாக் நட்டுகள் இரண்டும் விரலால் சுழலும் நிலையில் இருந்தன. சக்கரம் வெளிப்புறமாகத் திரும்பி நின்றது. அது யாருடைய வேலை என்பது இருவருக்குமே தெரியும்.

“நான் இரண்டாம் முறை பார்த்திருக்க வேண்டும் மாமா” என்றான்.

“நான் முதல் முறையே இறுக்கவில்லை” என்றேன்.

அதற்குமேல் இருவரும் பேசவில்லை. அவன் ஸ்பானரை எடுத்து அவற்றை இறுக்கினான். அன்று மீண்டும் ஓட்டவில்லை.

இப்போது அந்த வண்டிக்கு ஒரு பதிவேடு உண்டு. மத்ரஸாவில் பிள்ளைகளின் வருகைக்கு வைத்திருப்பதைப் போன்ற நீள நோட்டு. உயிரோடு தொடர்புடைய நட்டு ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு வரி. அவன் இறுக்குவான், நான் நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்காக வெள்ளை வண்ணத்தில் ஒரு கோடு இழுத்து, நோட்டில் குறித்துக்கொள்வேன். நட்டு சிறிது நகர்ந்தாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும். நாற்பத்து நான்கு நட்டுகள். தொலைபேசியை வீட்டுக்குள் வைத்துவிட்டுத்தான் வண்டியின் பக்கம் போகிறேன்.

இவ்வளவு பாடுபட்டதற்கு வண்டி நன்றாக ஓடுகிறதா என்று தாங்கள் கேட்கக்கூடும். வளைவிலிருந்து வெளியேறும்போது பின்னாலிருந்து யாரோ உந்துவது போலிருக்கிறது என்கிறான் மருமகன். ஆனால் அவனே ஒப்புக்கொள்ளும் உண்மையும் உண்டு. 37 குதிரைத்திறன் மட்டுமே உள்ள வண்டியில் முன்சக்கரம் திணறுவது குறைவுதான். அதே பணத்தை நல்ல டயருக்கும் சஸ்பென்ஷனுக்கும் செலவிட்டிருந்தால் நேரம் இதைவிடக் குறைந்திருக்கும். தவிரவும், பாரம் நடுவில் குவிந்த வண்டி விரைவாகத் திரும்புவதைப் போலவே விரைவாகச் சுழன்றும் விடுகிறது. வளைவின் நடுவே பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும். வீட்டில் இளைஞர் எவரேனும் இதைப் படித்துவிட்டு ஹேக்ஸாவைத் தேடினால், முதலில் இந்தப் பத்தியை அவருக்கு இரண்டுமுறை படித்துக்காட்டுங்கள்.

பின்னிருக்கைக்கு மருமகன் இரும்புக் கால்கள் வைத்துத் திண்ணையில் போட்டிருக்கிறான். அக்கா கீரை ஆய்வதும், பேத்திமார் தலை வாருவதும் அதில்தான். இப்போதும் இடது ஓரத்தில்தான் அமர்கிறார். இந்த இதழை வாசிப்பதும் அங்கேயே. அவர் இதன் பல்லாண்டு வாசகி. வண்டி புழுதியில் இறங்கியதை மட்டும் அவரிடம் சொன்னோம். நட்டைப் பற்றி அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இம்மாத இதழ் கிடைத்த அன்று மாலைக்குள் எனக்குத் தொலைபேசி வரும். அந்த அழைப்புக்காகக் காத்திருக்கிறேன்.